நடுவர் கை: பொருட்கையா, எழிற்கையா?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுமிடத்தில் எழிற்கை, தொழிற்கை என்னும் கைவகைகளையும் சேர்த்துக் கூறும். உரைமரபு இவற்றோடு பொருட்கை என்பதனையும் கூட்டி மூன்றாக்கி, அழகு தோன்றக் காட்டுவது எழிற்கை, தொழில் தோன்றக் காட்டுவது தொழிற்கை, கருதிய பொருள் தோன்றக் காட்டுவது பொருட்கை என விளக்கும். கூத்துக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு கூத்தரங்கோடு நின்றுவிடுவதன்று. கையினாற் கருத்துணர்த்தும் தொழில் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இது பொருந்தும். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் நடுவராக நிற்போர் காட்டும் கைக்குறிகளை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டிதனுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நகைப்போர் நகைக்க. மொழி என்பது வாயினால் மாத்திரம் பேசப்படுவதாயின் அந்நகை தகும். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் வெளியில், ஒரு சொல்லும் செவியிற் படாத நிலையில், ஒருவர் கையசைவினால் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. மறுகணமே அதனை அனைவரும் ஐயமின்றி அறிந்துகொள்கின்றனர். இது மொழியன்றி வேறென்ன? மொழியாயின் அதற்கு இலக்கணமும் உண்டு. இலக்கணம் உண்டாயின் வழுவும் உண்டு. அவற்றை ஆராயும் உரிமை இலக்கணம் கற்பிப்போனுக்கு இல்லையெனல் ஆகாது.

எல்லே ஆட்டத்தை அறிந்த நம்மவர்க்குப் பேஸ்போலை விளக்குதல் அரிதன்று. ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் கோலால் அதனை அடித்துவிட்டு, நாற்புறமும் அமைந்த தளங்களைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே மீள்வார். தளத்துக்குத் தளம் 90 அடி. எறிவோர் நிற்கும் மேட்டுக்கும் அடிப்போர் நிற்கும் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். எறியப்பட்ட பந்து உரிய எல்லைக்குள் வந்தும் அடிப்போர் வாளாவிருப்பின், அல்லது கோலை வீசியும் தவறின், அது 'ஸ்ட்ரைக்'. எல்லைக்குப் புறம்பே சென்ற பந்துக்கு அவர் கோலை வீசாதிருப்பின் அது 'போல்'. ஸ்ட்ரைக் மூன்றானால் அடிப்போர் ஆட்டமிழப்பார். போல் நான்கானால் முதல் தளத்துக்கு நடந்தே செல்லும் உரிமை பெறுவார். இவ்வெல்லை கோடு கிழித்துக் காட்டப்பட்டதன்று. 17 அங்குல அகலமுள்ள தளத்தின் மேலே, அடிப்போரின் முழங்காலின் கீழ்ப்பகுதியிலிருந்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள மட்டம் வரை வெற்று வெளியில் நிற்பதாகப் பாவிக்கப்படும் ஒரு பெட்டி அது. மணிக்கு 90 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து அரைக் கணத்துக்குள் அப்பெட்டியைக் கடந்துவிடும். அது பெட்டியைத் தொட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர், பந்து பிடிப்போரின் பின்னே முகமூடியணிந்து குனிந்து நிற்கும் நடுவர்.

ஸ்ட்ரைக் எனக் கண்டால் அவர் வலக்கையை உயர்த்தியோ பக்கத்தே நீட்டியோ காட்டுவார். போல் எனக் கண்டால் வாயினாற் கூறுவதோடு சரி, கை அசையாது. இவ்விடத்தில் இலக்கணம் கற்றோர் நெஞ்சில் ஒன்று தோன்றாமற் போகாது. எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை என்று நாம் கற்பிக்கின்றோம். உருபேலாது நிற்றலே அதனை ஏனைய வேற்றுமைகளினின்றும் பிரித்துக் காட்டுகிறது. அதுபோலக் கை அசையாதிருத்தலே போலுக்குரிய குறி. கிறிக்கெற்றிலும் இவ்வமைதி உண்டு. துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழந்தாரென்பதற்குச் சுட்டுவிரல் உயரும். இழக்கவில்லை என்பதற்குக் குறியே இல்லை. நாடு வேறு, ஆட்டம் வேறு, ஆட்டத்தை அமைத்தோரும் வேறு. எனினும் இரண்டனுள் ஒன்றுக்குக் குறியிட்டு மற்றதனைக் குறியின்றி விடுதலாகிய சிக்கனம் இரண்டிடத்தும் ஒன்றாகவே அமைந்திருத்தல் நோக்கற்பாலது.

இம்மொழியில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது, அடிக்கப்பட்ட பந்து எல்லைக்கோட்டின் எப்பக்கத்தது என்பதை உணர்த்தும் முறை. அடிப்போர் நிற்கும் தளத்திலிருந்து இரு கோடுகள் முதல் தளத்தையும் மூன்றாம் தளத்தையும் ஒட்டி வெளிநோக்கி விரிந்து செல்கின்றன. கோடுகளுக்கு உட்பட்டது 'ஃபெயர்', புறம்பானது 'ஃபவுல்'. ஃபவுலாயின் நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, உரத்த குரலில் அச்சொல்லைக் கூவுவார். ஃபெயராயின் வாய் திறவார். உட்புறம் நோக்கிக் கையை நீட்டுவதோடு அமைவார். பந்து கோட்டை எவ்வளவு நெருங்கி வீழினும் 'ஃபெயர்' என்று கூவுதல் கூடாதென்பது நடுவராகப் பயில்வோர்க்குச் சொல்லப்படும் முதற்பாடங்களுள் ஒன்று.

இவ்விதியின் காரணத்தை ஆராய்ந்தால் வியப்பு மிகும். இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரே ஒலியிலே தொடங்குவன. இரண்டும் குறுகிய சொற்கள். பேரிரைச்சலுக்கு நடுவே தொலைவில் ஓடிக்கொண்டிருப்போன் செவியில் முதலொலி மாத்திரம் எட்டும். பின்னே வருவது காற்றிற் கரைந்துவிடும். லகர ளகர ழகர மயக்கத்தைத் திருத்தித் திருத்திக் களைத்த ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் மயங்கிய ஒலியினால் ஒரு சொல் பிழைக்கும். இங்கே ஓர் ஆட்டமே பிழைத்துவிடும். ஃபவுல் என்று கேட்டவுடன் ஓடுவோன் நின்றுவிடுவான்; பந்தைத் துரத்துவோனும் நின்றுவிடுவான். நின்றபின் அவர்களை மீண்டும் ஓடவிட்டு, நின்றிராவிடில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அறிந்துகொள்ள எவராலும் இயலாது. ஆதலால் ஆட்டத்தை நிறுத்த வேண்டிய சொல்லுக்கு மாத்திரம் குரலைக் கொடுத்து, ஆட்டம் நடைபெற வேண்டிய இடத்தில் குரலைப் பறித்துவிட்டனர். மயங்கக்கூடிய இரு சொற்களுள் ஒன்றனை ஊமையாக்கி மயக்கத்தை ஒழித்த இவ்வறிவு, ஏட்டறிவன்று; பன்னெடுங்காலம் களத்தில் நின்று பட்டறிந்த அறிவு.

கிறிக்கெற் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இம்மொழி சில இடங்களிற் பெருங்குழப்பத்தை விளைக்கும். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினால் நமக்கு அது ஆறு ஓட்டம்; எழுந்து நின்று ஆரவாரிப்போம். பேஸ்போலில் அதே கைகள் பந்து ஃபவுலென்றோ ஆட்டம் நிறுத்தப்பட்டதென்றோ பொருள்படும். இரு கைகளையும் தோள்மட்டத்தில் இருபுறமும் விரித்தால் நமக்கு அது அகலப்பந்து, எறிந்தவரின் பிழை. அங்கோ ஓடியவர் தளத்தைச் சேர்ந்து தப்பினார் என்பது கருத்து. ஒரே ஒலி இரு மொழிகளில் இரு வேறு பொருள் தருதல் போன்றதே இது. கைக்குறி உலகப் பொதுமொழி என்றும் கற்காமலே எவர்க்கும் விளங்கும் என்றும் மேடைகளிற் கூறுவோர் உளர். அக்கூற்று உண்மையன்று என்பதற்கு இவ்விரு ஆட்டங்களே போதிய சான்று. எம்மொழியாயினும் வழக்கினால் அமைவதே. கைமொழி அதற்கு விலக்கன்று.

பிற குறிகளுள் இரண்டனை மாத்திரம் சுட்டி அப்பாற் செல்வோம். கோலின் விளிம்பில் உராய்ந்து நேரே பிடிப்போர் கையுட் சென்ற பந்தைக் காட்டுதற்கு, நடுவர் ஒரு கையின் புறத்தை மறு கையால் தேய்த்துப் பின் ஸ்ட்ரைக் காட்டுவார். உராய்வைக் காட்ட உராய்வையே செய்து காட்டலின் இது தொழிற்கை. மற்றொன்று, அடிப்போர் கோலை வீச முற்பட்டுப் பாதியில் நிறுத்தினாரா, முழுவதும் வீசினாரா என்ற ஐயம் எழுமிடத்து நிகழ்வது. பின்னே நிற்கும் நடுவர் முதல் தளத்திலோ மூன்றாம் தளத்திலோ நிற்கும் துணைநடுவரை நோக்கிக் கைநீட்டி வினவ, அவர் கைமுட்டியை மடித்துக் காட்டியோ கைகளை விரித்தோ விடை தருவார். வினாவும் விடையும் கையினாலேயே முடிந்துவிடுகின்றன.

இனி, இம்மொழியை ஆக்கியவர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். நூலாசிரியர் பெயர் பற்றிய வழக்குகளிற் பழகிய நமக்கு இது புதிய அனுபவமாகத் தோன்றாது.

கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் பேஸ்போற் புகழாளர் மண்டபம் ஒன்று உண்டு. அங்கே பில் கிளெம் என்னும் நடுவர்க்கு ஒரு வெண்கலப் பட்டயம் வைத்துள்ளனர். அவர் 1905 முதல் 1941 வரை தேசியக் கழகத்தின் ஆட்டங்களுக்கு நடுவராயிருந்தவர். உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிகள் 18இல் நடுநின்றவர். 1951இல் மறைந்து 1953இல் அம்மண்டபத்திற் சேர்க்கப்பட்டவர். ஸ்ட்ரைக்கையும், ஃபெயர் ஃபவுல் என்பவற்றையும் கையினாற் காட்டும் முறையைப் புகுத்திய பெருமை அவர்க்குரியது என்று அப்பட்டயம் கூறும். சை ரிக்லர் என்னும் மற்றொரு நடுவரும் 1905ஆம் ஆண்டளவிலே கையுயர்த்தி ஸ்ட்ரைக் காட்டினார் என்பர் வேறு சிலர். மக்கள் வாய்மொழியோ இவ்விருவரையும் விட்டு, வில்லியம் ஹோய் என்னும் ஆட்டக்காரரையே காரணராகக் காட்டும்.

ஹோய் 1862இல் ஒகையோ மாநிலத்திற் பிறந்தார். மூன்று வயதளவில் நோயினாற் செவிப்புலனை இழந்தார். கொலம்பஸ் நகரிலிருந்த செவிப்புலனற்றோர் பாடசாலையிற் கற்றுச் சிறந்தார். செருப்புத் தைக்கும் தொழில் செய்தார். பின்னர் பேஸ்போல் ஆட்டக்காரராகி 1888 முதல் 1902 வரை பெருங்கழகங்களில் ஆடினார். நடுவர் கூறுவது அவர் செவிக்கு எட்டாது. எனவே ஒவ்வொரு பந்தின் பின்னும் திரும்பிப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டியவரானார். அவர் திரும்பிய நேரம் பார்த்து எறிவோர் அடுத்த பந்தை எறிந்துவிடுவர். இத்தொல்லையைத் தீர்த்தற்காகவே நடுவர்கள் கையுயர்த்தலாயினர் என்பது கதை. ஹோய் ஆடிய காலத்தில் நடுவர் அவர்பொருட்டுக் கைக்குறி காட்டியமைக்கு உறுதியான சான்று அகப்படவில்லை என்று இதனை ஆராய்ந்தோர் கூறுவர். அவருடைய அணியின் பயிற்றுநர் மூன்றாம் தளத்தருகே நின்று விரல்களை உயர்த்தி அவர்க்கு எண்ணிக்கையை உணர்த்தினார் என்பதே ஓரளவு துணியக்கூடியது.

இவ்வனைத்துக்கும் முற்பட்டதாக ஒரு செய்தி உண்டு. எட்வேர்ட் டண்டன் என்பவர் பெருங்கழகத்தில் ஆடிய செவிப்புலனற்றோருள் முதல்வர்; 1883, 1884ஆம் ஆண்டுகளிற் பந்தெறிந்தவர். அவர் 1886ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் ஓர் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். ஸ்ட்ரைக்குகளை வலக்கை விரல்களாலும் போல்களை இடக்கை விரல்களாலும் எண்ணிக் காட்டினார். ஆட்டமிழக்கவில்லை என்பதைத் தலையசைத்தும், இழந்தார் என்பதைக் கைவீசியும் அறிவித்தார். இச்செய்தியை அவ்வாண்டிலேயே ஒரு விளையாட்டுப் பத்திரிகை வெளியிட்டுள்ளது. போலை இடக்கையிலும் ஸ்ட்ரைக்கை வலக்கையிலும் எண்ணிக் காட்டும் வழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. அப்போது கிளெம் பன்னிரண்டு வயதுச் சிறுவர்.

ஏட்டுச்சுவடிக்கும் செவிவழிச் செய்திக்கும் முரண் நேரின் நாம் எதனைக் கொள்வோம்? காலத்தால் முந்தியதும் கண்டோர் அண்மையில் எழுதியதுமாகிய ஏட்டையே கொள்வோம். அம்முறை பற்றி நோக்கின், கைக்குறியால் ஓர் ஆட்டம் முழுவதையும் நடத்திக் காட்டியவர் டண்டன் என்பது தெளிவு. அவரிடமிருந்து கிளெம் கற்றார் என்று கூற ஆதாரமில்லை. அவ்வாறு கூறவும் வேண்டா. ஒரு வழக்கு ஓரிடத்தில் முளைத்து மறைந்து, வேறோரிடத்தில் மீண்டும் முளைத்தல் உண்டு. ஆயினும் பட்டயம் ஒருவர்க்கும் கதை மற்றொருவர்க்குமாகப் போக, ஏட்டிற் பெயருடையவர் எவராலும் நினைக்கப்படாது கிடத்தல் முறையன்று. இதனைச் சொல்லுதற்கு நாம் அமெரிக்கராதல் வேண்டியதில்லை.

இங்கே ஒன்று இடைப்பிறவரலாகக் கூறவேண்டியுள்ளது. ஹோய், டண்டன் முதலானோர் எல்லாரையும் அக்காலத்தார் 'டம்மி' என்னும் அடைமொழி கொடுத்தே அழைத்தனர். ஊமை என்பது அதன் பொருள். மூடன் என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் வழங்குவது. பாடசாலையில் முதல்வராகத் தேறிய ஹோய்க்கு அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும். அமெரிக்கரைக் குறைகூறுமுன் நம் பழமொழிகளையும் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்கின்றோம். அப்பழமொழி கேளாதவன்மேலேயே குற்றத்தை வைக்கிறது; சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தியிருக்கலாமே என்று ஊதினவனை எவரும் கேட்டதில்லை. டண்டன் மொபீலில் நடுநின்றபோது நிகழ்ந்தது இதன் மறுதலை. அன்று செவியுடையோர் அனைவரும் செவியில்லாதார் ஒருவரின் மொழியைக் கற்றுக்கொண்டு ஆடினர்.

பொருட்கை பழுதின்றி அமைதற்கு அதனைக் காட்டும் காலமும் ஒரு காரணமாகும். நடுவர் முதலிற் காண வேண்டும். கண்டதை நெஞ்சிற் கொள்ள வேண்டும். அதன் பின்பே கை எழ வேண்டும். கண்ணும் கையும் ஒருங்கே பாயின் கை முந்திவிடும். முதல் தளத்து நடுவர்க்கு இதிற் கற்பிக்கப்படும் நுட்பம் இனியது. ஓடுவோர் கால் தளத்தில் படுதலும் எறியப்பட்ட பந்து காவலர் கையுறையில் விழுதலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிகழும். இரண்டையும் கண்ணாற் காண்டல் இயலாது. ஆதலாற் கண்ணைத் தளத்தில் ஊன்றிக் காலைப் பார்த்து, பந்து கையுறையில் விழும் ஓசையைச் செவியாற் கேட்டு, எது முந்தியது என்று துணிய வேண்டும். அவ்வேளையில் நடுவர் ஓடிக்கொண்டிருத்தலும் ஆகாது. நின்ற நிலையிற் கண்டதே காட்சி என்பது அவர்தம் கோட்பாடு. அருகிற் செல்வதைவிட ஏற்ற கோணத்தில் நிற்பதே மேல் என்றும் கற்பிப்பர்.

இவ்வளவு விழிப்பும் பயனற்றுப்போன ஒரு நாள் உண்டு. 2010ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி டிட்ரொயிட் நகரில் அர்மாண்டோ கலரகா என்னும் இளைஞர் கிளீவ்லண்ட் அணிக்கு எதிராகப் பந்தெறிந்தார். அடிக்க வந்த 26 பேரும் ஒருவர்பின் ஒருவராக ஆட்டமிழந்தனர். இருபத்தேழாமவரையும் வீழ்த்தின் 'நிறைவாட்டம்' என்னும் அரும்பெருஞ் சாதனை கைகூடும். நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அதுவரை இருபதே முறை நிகழ்ந்தது அது. இருபத்தேழாமவர் அடித்த பந்தைக் காவலர் எடுத்து எறிய, கலரகாவே முதல் தளத்துக்கு ஓடிச் சென்று பிடித்தார். பந்து முந்தியதை அரங்கிலிருந்தோர் பலர் கண்டனர். முதல் தளத்து நடுவர் ஜிம் ஜொய்ஸ் இரு கைகளையும் விரித்தார். ஓடியவர் தப்பினார் என்பது தீர்ப்பு.

ஜொய்ஸ் இருபதாண்டுகளுக்கு மேல் பழகிய நடுவர். நடுவருட் சிறந்தவரென ஆட்டக்காரராலேயே மதிக்கப்பட்டவர். ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்துத் தாம் தவறியதை அறிந்தார். கலரகாவிடம் சென்று கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத் தொடக்கத்தில் ஆட்டக்காரர் பெயர்த்தாளை நடுவரிடம் சேர்ப்பித்தவர் கலரகா. அதனை வாங்கியவர் ஜொய்ஸ். இருவருடைய பெருந்தகைமையையும் அந்நாடே போற்றிற்று. ஆனால் விரித்த கைகள் விரித்தவையே. பந்து களத்தின் எல்லையைக் கடந்ததா என்பது போன்றவற்றுக்கு மாத்திரமே படம் பார்த்து முடிவை மாற்றும் விதி 2008 முதல் இருந்தது; தளத்துத் தீர்ப்புக்கு அவ்விதி அன்று இல்லை. கழகத் தலைவரும் தீர்ப்பை மாற்றினாரில்லை. ஏட்டில் இன்றும் அது நிறைவாட்டமாக எழுதப்படவில்லை. ஏனைய பல தீர்ப்புகளையும் படங்கொண்டு மீளாராயும் விதி 2014இல் வந்தது.

வாய்ச்சொல்லைத் திரும்பப் பெறலாம். அவ்வாறு சொல்லவில்லை என்றும் வாதிக்கலாம். பல்லாயிரவர் கண்முன் விரித்த கையை அவ்வாறு மடக்கிக்கொள்ள இயலாது. இதனாலேதான் நடுவரின் கையில் எழிற்கை கலத்தலை நாம் விரும்புகின்றிலம்.

எழிற்கை கலந்தோர் பலர் இருந்தனர். 1969 முதல் 1979 வரை அமெரிக்கக் கழகத்தில் நடுநின்ற ரொன் லூசியானோ, ஆட்டமிழந்தவரைக் கைத்துப்பாக்கியாற் சுடுவது போல விரலை நீட்டிப் பலமுறை சுட்டுக் காட்டுவார். அரங்கு சிரிக்கும். ஆட்டமிழந்து தலைகுனிந்து செல்பவனும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு கொடுமை! மூன்றாம் ஸ்ட்ரைக்கை அறிவிக்கும்போது உடலைச் சுழற்றியும், வில்லை வளைப்பது போலக் கைகளை இழுத்தும், எதையோ பிடுங்கி எறிவது போலக் காட்டியும் தத்தமக்கென ஒவ்வொரு பாணியை வகுத்துக்கொண்ட நடுவர்களும் உளர். அவற்றை ரசிப்போர் திரளாக இருக்கின்றனர் என்பதை அறிவோம். ஒரு மனிதனின் தோல்வியை அறிவிக்கும் கை, அத்தோல்வியைக் கொண்டாடும் கையாகத் தோன்றலாகாது. தோற்றவனும் அக்கையையே நம்பி மறுநாளும் களத்துக்கு வர வேண்டியவன்.

எமெட் அஷ்போர்டை மாத்திரம் இக்கண்டனத்தினின்றும் விலக்க விரும்புகின்றோம். 1966இல் பெருங்கழகத்தில் நடுவரான முதற் கறுப்பினத்தவர் அவர். அப்போது அவர்க்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சிறு கழகங்களிற் பல்லாண்டுகள் காத்திருந்த பின்னரே அழைப்பு வந்தது. அவர் துள்ளி ஓடியும் கைகளை வீசியும் தீர்ப்பளித்தமையைச் சிலர் பழித்தனர். அவ்வளவு காலம் வாயிலில் நிறுத்திவைக்கப்பட்டவர், உள்ளே நுழைந்தபின் தாம் அங்கே நிற்பதை எவரும் காணாதிருக்கலாகாது என்று எண்ணியிருப்பாராயின், அதனை வழுவமைதியாகக் கொள்ளலாம்.

இப்போது இயந்திரம் வந்துவிட்டது. தென்கொரியாவின் தொழின்முறைக் கழகம் 2024இல் போலையும் ஸ்ட்ரைக்கையும் முற்றாகக் கருவியிடமே ஒப்படைத்தது. கமராக்கள் பந்தின் வழியை அளக்கும். முடிவு நடுவரின் காதிற் பொருத்திய சிறு கருவியில் ஒலிக்கும். அதைக் கேட்டு அவர் கையை உயர்த்துவார். பின்னே ஒருவர் சொல்லிக்கொடுக்க முன்னே நின்று ஒப்புவிக்கும் பிள்ளையின் நிலை அது. அமெரிக்கர் வேறு வழியை நாடினர். 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர்கள் எடுத்த முடிவின்படி, 2026ஆம் ஆண்டுப் பருவம் முதல் நடுவரே முதலில் தீர்ப்பளிப்பார். தீர்ப்பை ஏற்காதவர் உடனே தம் தலைக்கவசத்தையோ தொப்பியையோ தட்டிக் காட்டினால் கருவி அளந்ததைப் பார்த்து முடிவு செய்யப்படும். தட்டும் உரிமை எறிவோர், பிடிப்போர், அடிப்போர் மூவர்க்கே உண்டு. வெளியிலிருந்து எவரும் சொல்லித் தரலாகாது. அணிக்கு இரண்டு முறை. முறையீடு வெல்லுமாயின் அது கணக்கிற் கழியாது.

இவ்விரண்டனுள் அமெரிக்கர் வழியே நமக்கு உடன்பாடு. கருவி கண்ணினும் கூரியது என்பதை மறுப்பார் இலர். 2010இல் கலரகாவுக்கு நேர்ந்தது மீண்டும் நேரவேண்டுமென விரும்புவார் எவரும் இரார். ஆயினும் கண்டு துணிந்தவரே கையுயர்த்துதல் வேறு, எவரோ துணிந்ததைக் காதிற் கேட்டுக் கையுயர்த்துதல் வேறு. முன்னதிற் கைக்கு உடையவர் ஒருவர் உளர். அவரை நோக்கி முறையிடலாம். அவரும் நாணலாம், திருந்தலாம். புதிய முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. இதுகாறும் வாயாற் கத்தியும் மண்ணை உதைத்தும் நிகழ்ந்த முறையீடு இனித் தலையைத் தட்டும் ஓர் அமைதியான குறியாக அடங்கிவிட்டது. நடுவர் மொழியிற் பேச, ஆட்டக்காரரும் அம்மொழியிலேயே மறுமொழி கூறும் உரிமையைப் பெற்றனர். செவிப்புலனற்ற ஆட்டக்காரர் ஒருவர்க்கும் இது தடையின்றி இயலும்.

நாம் ஐயுறுவது வேறொன்று. 2022 முதல் படம் பார்த்து மீளாராய்ந்த முடிவுகளை நடுவர்கள் ஒலிவாங்கியில் அரங்கு முழுவதற்கும் கூறி வருகின்றனர். காரணம் தெரியக் கூறுவதால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒலிவாங்கி கைவந்தபின் கை தளர்ந்துவிடுதல் மனித இயல்பு. குரலை எங்கும் பரப்பும் கருவி இருக்கக் கையை எதற்கு உயர்த்த வேண்டும் என்று ஒரு தலைமுறை கேட்கத் தொடங்கின், டண்டனும் ஹோயும் நின்ற இடத்தில் இனி வரும் ஒருவர் மீண்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாகும். ஒலிவாங்கியிற் கூறும் ஒவ்வொரு முடிவையும் கையினாலும் காட்டியே தீர வேண்டும் என்பதை அவர்கள் தளர்த்தலாகாது.

இனி வரும் ஒருவர் என்றது வெறுங் கற்பனையன்று. பிறவியிலேயே செவிப்புலன் பெரிதும் குன்றிய கேர்டிஸ் பிரைட் 1993 முதல் 2006 வரை பெருங்கழகங்களில் ஆடியவர். பின்னர் செவிப்புலனற்றோர்க்கான கலோடெற் பல்கலைக்கழகத்தில் பேஸ்போற் பயிற்றுநரானவர். 1993ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி மொன்றியல் நகரில், பெருங்கழகத்தில் தம் முதல் வெற்றியடியை அடித்து இரண்டாம் தளத்தில் வந்து நின்றார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது, அவ்வாரவாரம் ஓயவில்லை. அவர் அதனைக் கேளாது அடுத்த பந்தை எதிர்நோக்கி நின்றார். அப்போது மூன்றாம் தளத்தருகே நின்ற பயிற்றுநர், தொப்பியைக் கழற்றுமாறு அவர்க்குக் கையாற் காட்டினார்.